அறிவியல் விதியைப் பொய்ச்சாட்சிக்கு அழைப்போர்



"பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இது அறிவியல் விதி. ஆக்க முடியாத ஒன்றை ஒருவன் ஆக்கினான் என்பது அவ்விதிக்கு முரண். ஆகவே படைப்பாளன் என்று ஒருவன் இல்லை." வாதம் இவ்வளவுதான். நாத்திக மேடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்ட பழைய சரக்கு இது. இன்று இரண்டு நிமிடக் காணொளியாகச் சுருங்கி, நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "பெருவெடிப்பு என்று ஒரு தொடக்கம் இருப்பதாக அதே அறிவியல்தானே கூறுகிறது?" என்று எவரேனும் எதிர்க்கேள்வி எழுப்பினால் அதற்கும் ஒரு வால் ஒட்டப்பட்டிருக்கிறது: "அண்டம் ஒன்றல்ல, எண்ணற்ற அண்டங்கள் உண்டு. அவற்றுள் தற்செயலாக அமைந்த ஒன்றே நம்முடையது."

இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று பெரியவர்கள் சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாலை நேர மதரஸாவில் நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகள், பத்தாம் வகுப்பைக் கடந்து கல்லூரி விடுதிக்குச் சென்ற பின்னர் இக்கேள்வியோடு திரும்பி வருகின்றனர். மதரஸாவுக்கு வந்து கேட்பவன் பாக்கியசாலி. வீட்டில் கேட்பவனுக்கு "ஷைத்தானுடைய வஸ்வாஸ், வாயை மூடு" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அவனும் வாயை மூடிக்கொள்கிறான். அதன் பின்னர் ஜும்ஆவுக்கு வருகிறான். பெருநாளில் புத்தாடை அணிந்து அத்தாவின் பக்கத்தில் நிற்கிறான். ஆனால் உள்ளத்தில் தொழுகையை எப்பொழுதோ விட்டுவிட்டான். அவன் விட்டது ஏதேனும் வலுவான ஆதாரத்தினால் என்றால் அதனையாவது ஒருவாறு புரிந்துகொள்ளலாம். ஒரு பள்ளிப் பாடநூல் வரியைத் தவறாகப் படித்ததனால் விட்டிருக்கிறான் என்பதே நம் வேதனை.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லவாய்சியே, மூடிய கண்ணாடிக் கலத்தினுள் வெள்ளீயம் முதலிய உலோகங்களைச் சூடாக்கினார். சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் கலத்தோடு சேர்த்து எடைபோட்டார். உள்ளே உலோகம் சாம்பல் போன்ற பொருளாக மாறிற்று. காற்றில் ஒரு பகுதி உலோகத்தோடு சேர்ந்தது. மொத்த எடை மட்டும் மாறவில்லை. வேதியியல் மாற்றத்தில் பொருண்மை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்ற முடிவைத் தமது 1789ஆம் ஆண்டு வேதியியல் நூலில் எழுதினார். நம் பாடநூல்கள் 'பொருண்மை அழியா விதி' என்று கற்பிப்பது இதனையே. (லவாய்சியே அரசாங்க வரி வசூல் நிறுவனத்தின் பங்குதாரரும் ஆவார், அதன் காரணமாகவே 1794இல் புரட்சியாளர்கள் அவரது தலையைத் துண்டித்தனர். கணக்குப் பார்த்துப் பழகிய கண் தராசையும் அவ்வாறே பார்த்தது போலும்.)

இந்த விதி எதனைக் கூறுகிறது? கலம் மூடப்பட்டிருக்கும்வரை, உள்ளே நிகழும் மாற்றங்களால் மொத்தம் மாறாது என்று கூறுகிறது. கலத்தினுள் உலோகம் எவ்வாறு வந்தது என்பதைப் பற்றி அது ஏதேனும் கூறுகிறதா? லவாய்சியே தம் கையால் எடுத்து உள்ளே வைத்தார் என்பது அந்த விதிக்கு முரணா?

நம் பள்ளிவாசல் ஜமாஅத்தின் கணக்கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாத இருப்பு, இம்மாத வரவு, செலவு, கையிருப்பு என்று நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பொருளாளரை ஜமாஅத் கூட்டத்தில் எழுப்பிக் கேட்போம். பணம் தானாகத் தோன்றாது, தானாக மறையாது என்பது கணக்கேட்டின் விதி. இந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர், "ஏட்டினுள் பணம் தோன்ற முடியாது என்பதே விதி, ஆகவே முதல் பக்கத்திலுள்ள ஆரம்ப இருப்பை எவரும் கொடுத்திருக்க முடியாது, வக்ஃப் செய்தவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை" என்று வாதிட்டால் அவரை என்னவென்று சொல்வோம்? இருக்கும் பணம் எவ்வாறு கைமாறுகிறது என்பதை அந்த விதி ஒழுங்குபடுத்துகிறது. பணம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வந்ததே இல்லை.

இந்த வாதத்தின் வயதையும் நம் வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் பூஹ்னர், 'ஆற்றலும் பொருளும்' என்ற தலைப்பில் 1855இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருள் அழியாது, ஆகவே அது என்றென்றும் இருந்தது, ஆகவே படைப்பு என்பதில்லை என்ற வரிசை அந்நூலினால்தான் ஐரோப்பா எங்கும் பரவியது. 1878இல் ஏங்கெல்ஸும் பொருளையும் இயக்கத்தையும் ஆக்க முடியாதவை, அழிக்க முடியாதவை என்றே எழுதினார். எலெக்ட்ரான் கண்டறியப்படாத காலம் அது. அணுக்கரு என்ற ஒன்று உண்டு என்பதை எவரும் அறியாத காலம். அறிவியலின் பெயரால் இன்று நம் பிள்ளைகளுக்கு ஊட்டப்படுவது, அறிவியல் எப்பொழுதோ கடந்துவிட்ட ஒரு படிக்கட்டு.

ஏனெனில், பொருள் அழிகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் நிறையும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறத்தக்கவை என்று காட்டினார். நம் தலைக்கு மேலே நிற்கும் சூரியன் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 40 லட்சம் டன் நிறையை ஒளியாகவும் வெப்பமாகவும் இழந்துகொண்டிருக்கிறது. இன்று ஃபஜ்ருக்கு இருந்த சூரியனைவிட இஷாவுக்கு இருக்கும் சூரியன் எடை குறைந்தது.

அதைவிட நெருக்கமான சான்று வேண்டுமா? புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வோரைப் 'பெட் ஸ்கேன்' எடுக்கச் சொல்கிறார்கள். நம் குடும்பங்களில் அந்தச் சொல்லைக் கேளாதவர்கள் குறைவு. கதிரியக்கம் ஊட்டப்பட்ட ஒரு வகைச் சர்க்கரையை நோயாளியின் இரத்தத்தில் செலுத்துகின்றனர். அதிலிருந்து பாசிட்ரான் என்ற துகள் வெளிப்படுகிறது. 1932இல் ஆண்டர்சன் கண்டறிந்த துகள் அது. உடலிலுள்ள ஓர் எலெக்ட்ரானை அது சந்தித்ததும் இரண்டும் இல்லாமல் போகின்றன. அவை இருந்த இடத்திலிருந்து காமா கதிர்கள் இரண்டு, எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. அவற்றைப் பிடித்துத்தான் கருவி படம் வரைகிறது. பொருள் அழிக்கப்பட முடியாதது என்றால் அந்த அறிக்கை நம் கைக்கு வந்திருக்காது. இதன் மறுதலையும் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டதே: போதிய ஆற்றலுள்ள காமா கதிர் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது, முன்பு இல்லாத எலெக்ட்ரானும் பாசிட்ரானும் தோன்றுகின்றன. ஆக்கவும் முடிகிறது, அழிக்கவும் முடிகிறது.

உடனே எதிர்த்தரப்பு வாக்கியத்தை மாற்றும். "பொருள் என்று சொன்னது உண்மைதான்; ஆற்றல் என்று திருத்திக்கொள்கிறோம். நிறையும் ஆற்றலும் சேர்ந்த மொத்தத்தை ஆக்கவோ அழிக்கவோ முடியாது." திருத்தம் நல்லதே. ஆனால் நீண்டநாள் நிலைக்காது.

ஆற்றல் அழியா விதி ஏன் உண்மையாக இருக்கிறது என்பதை விளக்கியவர் எம்மி நோதர் என்ற கணித மேதை. பெண் என்பதற்காக ஊதியமின்றிப் பாடம் நடத்த நேர்ந்த அந்த அம்மையார் 1918இல் வெளியிட்ட நிறுவலின் சாரம் இது: இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் மாறாமல் ஒரே மாதிரி இருக்கும் ஓர் அமைப்பில், அந்த மாறாமையின் விளைவாக ஆற்றலின் மொத்தமும் மாறாமல் இருக்கிறது. அதாவது ஆற்றல் அழியாமை என்பது தானே நிற்கும் ஒரு தூண் அன்று. அதன் அடியில் வேறொரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனை நிறைவேறாத இடத்தில் விதிக்கும் அங்கே வேலை இல்லை.

விரிவடையும் பேரண்டம் அத்தகைய இடம். ஃபிரீட்மன் 1922இல் கணக்கிட்டும், லெமேத்ர் 1927இல் கணக்கையும் வானியல் அளவீடுகளையும் இணைத்தும், ஹபிள் 1929இல் தொலைநோக்கி வழியாகவும் காட்டிய விரிவு இது. தொலைதூர விண்மீன் திரள்கள் நம்மை விட்டு விலகுகின்றன. தொலைவு மிகுந்தால் விலகும் வேகமும் மிகுகிறது. இடமே விரிகிறது. நேற்று இருந்த பேரண்டமும் இன்று இருக்கும் பேரண்டமும் ஒரே அளவினவல்ல. அப்படியானால் அங்கே ஆற்றல் என்ன ஆகிறது?

1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், தங்கள் வானலை வாங்கியில் ஓயாமல் ஒலித்த ஓர் இரைச்சலைக் கேட்டனர். வாங்கியினுள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தையும் கழுவிப் பார்த்தனர். இரைச்சல் போகவில்லை. பேரண்டம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதுடையதாக இருந்தபோது புறப்பட்ட ஒளியே அது என்று பின்னர் தெளிந்தது. புறப்பட்டபோது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வின். இன்று 2.7 கெல்வின். இடம் விரிய விரிய அந்த ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டுவிட்டது. அலைநீளம் நீண்டால் ஒளித்துகளின் ஆற்றல் குறையும். ஒவ்வோர் ஒளித்துகளும் தன் ஆற்றலில் 1,100இல் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்து சேர்கிறது. மீதி எங்கே? எந்தப் பொருளுக்கும் அது கொடுக்கப்படவில்லை. எங்கும் சேமித்து வைக்கப்படவும் இல்லை. ஈர்ப்பின் ஆற்றலையும் கணக்கில் சேர்த்துச் சமன்செய்ய முயலும் இயற்பியலாளர்கள் உண்டு. ஆயினும் முழுப் பேரண்டத்திற்கும் பொருந்துவதாக அனைவரும் ஏற்ற வரையறை எதுவும் இல்லை. எந்த விதியை முழுப் பேரண்டத்தின் மீதும் ஏற்றிப் படைப்பாளனை மறுக்கப் புறப்பட்டார்களோ, அந்த விதி முழுப் பேரண்டம் என்ற இடத்தில்தான் பொருந்தாமல் நிற்கிறது.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் கடக்க நமக்கு மனம் வரவில்லை. பேரண்டத்திற்குத் தொடக்கம் உண்டு என்ற கருத்து, இறைமறுப்புச் சிந்தனையுடைய அறிவியலாளர் சிலருக்கு உவப்பாக இல்லை. அவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஃபிரெட் ஹாய்ல். பெருவெடிப்பு என்ற பெயரையே 1949இல் பிபிசி வானொலி உரையொன்றில் முதன்முதலாகச் சொன்னவர் அவர்தாம். ஏற்றுக்கொண்டு சூட்டிய பெயரன்று அது. அவரும் போண்டியும் கோல்டும் 1948இல் மாற்றுக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தனர். அதன்படி பேரண்டத்திற்குத் தொடக்கம் இல்லை. அது விரிந்துகொண்டே இருந்தாலும் என்றும் ஒரே தோற்றத்தில் இருக்கும். விரிந்தால் வெற்றிடம் மிகுந்து அடர்த்தி குறைய வேண்டுமே? குறையாதிருக்க, புதிய பொருள் இடைவிடாமல் தோன்றிக்கொண்டிருக்கும் என்றனர். ஒரு கன மீட்டர் இடத்தில் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு ஓர் ஹைட்ரஜன் அணு தோன்றினால் போதுமாம். எதிலிருந்து தோன்றும்? முன்பிருந்த எதிலிருந்தும் அல்ல.

சற்று நின்று பாருங்கள். தொடக்கம் என்ற ஒன்றைத் தவிர்ப்பதற்காகப் பொருள் அழியா விதியையே அவர்கள் தூக்கி எறிந்தனர். அறிவியல் உலகம் அதற்காக அவர்களை முட்டாள்கள் என்று கூறவில்லை. பல ஆண்டுகள் அக்கோட்பாட்டை மதித்து ஆராய்ந்தது. நியூஜெர்சியில் கேட்ட அந்த இரைச்சலே பின்னர் அதனை வீழ்த்தியது. பொருள் புதிதாகத் தோன்றுவது அறிவுக்கு ஒவ்வாத பிதற்றல் என்றால், ஹாய்லின் அணுவைப் பற்றி ஒரு நாத்திக மேடையும் சிரிக்காதது ஏன்? இறைவன் படைத்தான் என்று சொன்னால் விதி மீறப்படுகிறது; எவரும் படைக்காமல் தானே தோன்றியது என்று சொன்னால் விதி கண்ணை மூடிக்கொள்கிறது. இதற்கு அறிவியல் என்று பெயர் சூட்டுவது அறிவியலுக்குச் செய்யும் அநீதி.

இனி, பல அண்டங்கள்.

இச்சொல்லைக் கேட்டதும் நம்மவர்களில் சிலர் பதறுகின்றனர். பதற ஏதும் இல்லை. இப்பெயரில் உலவுவது ஒரே கோட்பாடும் அன்று. 1957இல் எவரெட் கூறியது, அணுவுக்குள் நிகழும் நிகழ்ச்சிகளின் எல்லாச் சாத்தியங்களும் வெவ்வேறு கிளைகளில் நடந்தேறுகின்றன என்பது. 1980களில் லிண்டேயும் விலென்கினும் கூறியது, தொடக்கத்தில் மிக விரைவாக வீங்கிய வெளி எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் அடங்காமல், நீர்க்குமிழிகள் போல் அண்டங்களைப் பெற்றுக்கொண்டே இருக்கும் என்பது. இழைக் கோட்பாட்டினர், 1 என்ற எண்ணுக்குப் பின் 500 சுழியங்கள் இட்டால் வரும் அளவுக்கு வெவ்வேறு விதிகளையுடைய அண்டங்கள் இயலக்கூடும் என்கின்றனர். ஒன்று மற்றொன்றன்று, மேடையில் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

அண்டங்கள் பல இருக்கக்கூடும் என்பது நம் ஈமானுக்கு எதிரானதா? இல்லவே இல்லை. உலகம் ஒன்றே இருக்க முடியும் என்று பிடிவாதமாகக் கூறியவர் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில். மண்ணுக்கு ஒரே ஓர் இயற்கையான மையம்தான் உண்டு, ஆகவே உலகமும் ஒன்றுதான் என்பது அவரது வாதம். இதனை மறுத்தவர்களுள் தலையானவர் நம் இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்). ஹிஜ்ரி 606இல், அதாவது 1210இல் மறைந்த அப்பேரறிஞர், தமது தஃப்ஸீரில் 'ஆலமீன்' என்ற சொல்லை விளக்கும்போது, இவ்வுலகத்திற்கு அப்பால் ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்க அல்லாஹ்வுக்கு ஆற்றல் உண்டென்றும், உலகம் ஒன்றே என்பதற்குத் தத்துவவாதிகள் கூறும் ஆதாரங்கள் பலவீனமானவை என்றும் எழுதினார். அவருக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின்னர், 1277இல், இறைவனால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்று கூறுவதைப் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்தவ ஆயர் தடைசெய்தார். உலகங்கள் பல இருக்கலாம் என்ற வாசலை நாத்திகர்கள் இன்று திறந்துவிட்டதாக எண்ணுவது அறியாமை. இறைவனின் ஆற்றலுக்கு வரம்பிடக் கூடாது என்று கருதியவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதனைத் திறந்து வைத்திருந்தனர்.

ஆகவே பல அண்டங்கள் உண்டு என்று நாளை எவரேனும் நிறுவினால் நாம் "சுப்ஹானல்லாஹ்" என்று கூறுவோம். இன்று அது நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்தே கூறுவோம். அந்த அண்டங்கள் நம் பார்வைக்கோ கருவிக்கோ எட்டாதவை என்று அக்கோட்பாட்டினரே பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர். சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒன்றை அறிவியல் என்று ஏற்கக் கூடாது என ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் 2014இல் 'நேச்சர்' இதழில் எச்சரித்தனர். இருவரும் பேரண்டவியலில் பெயர் பெற்ற அறிஞர்கள், மதரஸாவிலிருந்து போனவர்களல்லர். காணாத மலக்குகளை நம்புவதற்காக நம்மை ஏளனம் செய்வோர், எவரும் காண முடியாத அண்டங்களை எண்ணிக்கையின்றி நம்புவதற்குச் சற்றும் கூச்சப்படுவதில்லை.

அவை இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் கேள்வி தீரவில்லை. அண்டங்களைப் பெற்றுக்கொண்டே இருக்கும் அந்த வெளி எங்கிருந்து வந்தது? அது பின்பற்றும் விதி எங்கிருந்து வந்தது? போர்ட், குத், விலென்கின் ஆகிய மூவர் 2003இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டனர். சராசரியாக விரிந்துகொண்டே வந்திருக்கும் எந்த அண்டத்தையும், அண்டங்களின் எந்தத் தொகுதியையும், கடந்த காலத்தில் முடிவின்றிப் பின்னோக்கிக் கொண்டுசெல்ல முடியாது என்பது அதன் முடிவு. பேரண்ட வீக்கக் கோட்பாட்டை 1981இல் முன்வைத்தவரே குத் என்பதைக் கவனியுங்கள். இத்தேற்றம் படைப்பாளனை நிறுவிவிட்டது என்று சில சொற்பொழிவாளர்கள் முழங்குகின்றனர். அது தவறு, தேற்றம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. முன்பு சுருங்கிப் பின்னர் விரிந்த அண்டம் போன்ற விலக்குகளும் உண்டு. பல அண்டங்கள் என்றவுடன் தொடக்கம் பற்றிய கேள்வி மறைந்துவிடுகிறது என்ற எதிர்த்தரப்பின் கூற்றுக்கு மட்டும் அது போதிய மறுப்பு.

லாரன்ஸ் கிராஸ் என்ற இயற்பியலாளர் 2012இல், ஒன்றுமில்லாததிலிருந்து பேரண்டம் தோன்றியதாக ஒரு நூலே எழுதினார். உள்ளே சென்று பார்த்தால், அவர் 'ஒன்றுமில்லை' என்பது குவாண்டம் விதிகள் ஆளும் வெற்றிடம். அதற்குப் புலம் உண்டு, ஆற்றல் உண்டு, விதி உண்டு. இயற்பியலும் தத்துவமும் கற்ற டேவிட் ஆல்பர்ட், அதே ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் இதனைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக மறுத்தார். வீட்டில் அரிசியும் பருப்பும் அடுப்பும் சமைப்பவரும் இருக்க, "ஒன்றுமில்லாமலேயே சோறு ஆக்கினேன்" என்பவரை நம் வீட்டுப் பெண்கள் எவ்வாறு பார்ப்பார்களோ அவ்வாறே அந்நூலை நாம் பார்க்கிறோம்.

இதுவரை எதிர்த்தரப்பைப் பேசினோம். நம் தரப்பிலும் ஒன்று பேச வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது கசக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வரும் செய்திகளைப் பாருங்கள். 51ஆம் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்தில் ஹபிளின் கண்டுபிடிப்பு இருக்கிறது. 65ஆம் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் பல அண்டக் கோட்பாடு இருக்கிறது. ஆகவே குர்ஆன் உண்மை. 'மூஸிஊன்' என்ற அச்சொல்லுக்கு விரிவுபடுத்துதல் என்ற பொருள் அரபு மொழியில் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் தபரீ (ரஹ்) போன்ற முற்கால முஃபஸ்ஸிர்கள் அதனை ஆற்றலும் வசதியும் உடையவன் என்ற பொருளிலும் விளக்கியிருக்கின்றனர். அவர்கள் அனைவரும் 1929ஆம் ஆண்டுக்காகக் காத்திருந்த பாமரர்களா? 1976இல் மொரிஸ் புகாயின் நூல் வந்த பின்னர் இவ்வழக்கம் நம்மிடையே பெருவெள்ளமாகப் பெருகிவிட்டது. இதில் உள்ள ஆபத்தை எண்ணிப் பாருங்கள். அறிவியல் கோட்பாடுகள் மாறும். மாறுவதே அதன் இயல்பு, அதன் பெருமையும் அதுவே. இன்று ஒரு கோட்பாட்டின் கழுத்தில் வசனத்தைக் கட்டினால், நாளை அக்கோட்பாடு கிணற்றில் விழும்போது உடன் விழுவது நம் பிள்ளையின் நம்பிக்கை.

இப்பாடத்தைக் கத்தோலிக்கர்கள் நமக்கு முன்னரே கற்றுவிட்டனர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், பேரண்டத் தொடக்கம் பற்றிய புதிய அறிவியல் படைப்புக் கொள்கைக்குச் சான்றளிப்பதாக உரையாற்றினார். அதனைக் கேட்டு வருந்தியவர் யார் தெரியுமா? அக்கோட்பாட்டை வகுத்த லெமேத்ர். அவரே ஒரு பாதிரியார். தமது கோட்பாடு இயற்பியல் கேள்விக்கான விடை. மார்க்கக் கேள்வியோடு அதனைக் கலக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

நமக்கு அதைவிட மேலான முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இறைத்தூதரின் மகனுக்காகச் சூரியனே துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசிக்கொண்டனர். பொய் நபியாக இருந்திருந்தால் அந்தப் பேச்சை அப்படியே விட்டிருப்பார். இதைவிடப் பெரிய விளம்பரம் எவருக்குக் கிடைக்கும்? நபியவர்களோ, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று எழுந்து நின்று அறிவித்தார்கள். மகனை அடக்கம் செய்த துக்கத்திலும் பொய்யான சான்று ஒன்றை ஏற்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095ஆம் ஆண்டளவில் எழுதிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில் இதே கிரகணத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார். பூமி குறுக்கே வருவதால் சந்திர கிரகணம் நிகழ்கிறது என்பது கணக்கினால் நிறுவப்பட்டது. மார்க்கத்தின் பெயரால் அதனை மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறார் என்பது அவரது கருத்து. உலகம் தொடக்கமற்றது என்ற கொள்கையை அதே நூலின் முதல் விவாதமாக எடுத்துத் தகர்த்தவரும் அவரே. எதனை எதிர்க்க வேண்டும், எதனை எதிர்க்கத் தேவையில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

உலகம் தொடக்கமுடையது என்பது நம் அகீதா. அதனை நாம் வஹீயைக் கொண்டு அறிந்தோம். பெருவெடிப்பைக் கொண்டு அன்று. படைப்பாளனுக்கான அறிவுச் சான்றும் தொலைநோக்கியில் தொங்கவில்லை. நம் கலாம் அறிஞர்கள் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்தனர். இருக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும் என்ற நிலையிலுள்ளது 'மும்கின்'. இல்லாமல் போக முடியாதது 'வாஜிப்'. எலெக்ட்ரான் இல்லாமல் போகக் கூடியது என்பதைப் பெட் ஸ்கேன் கருவியே காட்டுகிறது. அண்டம் வேறு அளவில், வேறு விதிகளோடு இருந்திருக்கக் கூடும் என்பதைப் பல அண்டக் கோட்பாட்டினரே வலியுறுத்துகின்றனர். இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடிய ஒன்று இருக்கிறதென்றால், அதன் இருப்புக்கு அதற்கு வெளியே ஒரு காரணம் வேண்டும். அத்தகையவை ஒன்றா கோடியா, அவற்றின் வயது 1,380 கோடி ஆண்டுகளா முடிவற்றதா என்பதனால் இத்தேவை மாறாது. விளக்கு ஓர் இரவு எரிந்தாலும் ஓராண்டு எரிந்தாலும், எரியும் ஒவ்வொரு நொடியும் மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும்.

"அப்படியானால் அல்லாஹ்வைப் படைத்தது யார்?" என்று அடுத்த கேள்வி வரும், எப்பொழுதும் வருகிறது. காரணம் வேண்டும் என்று நாம் கூறியது மும்கினுக்கு. வாஜிபானதிடம் அக்கேள்வியைக் கேட்பவர் நாம் சொன்னதைக் கேட்கவில்லை. பொருளே என்றென்றும் இருக்க வேண்டிய வாஜிப் என்று அவர் கூற விரும்பினால் கூறட்டும். ஆனால் விநாடிக்கு 40 லட்சம் டன் உருமாறி மறைந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டிக்கொண்டு அவர் அதனைக் கூற வேண்டியிருக்கும்.

விடுமுறைக்கு வந்திருக்கும் மகன் அடுத்த முறை இப்பேச்சை எடுத்தால், பெற்றோர்கள் வாயை மூடச் சொல்ல வேண்டாம். அவனை அருகில் அமர்த்தி, லவாய்சியே எடைபோட்ட கலத்தினுள் வெள்ளீயத்தை வைத்தது யார் என்று கேளுங்கள். மகள் கேட்டாலும் அவ்வாறே. அதற்கு மேலும் அவர்களிடம் கேள்வி இருந்தால் அஸருக்குப் பின் மதரஸாவுக்கு அனுப்பி வையுங்கள். உட்கார்ந்து பேச நாம் ஆயத்தமாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வல்லாஹு அஃலம்.